எந்த விண்டோ விழித்திருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாம் 11-க்கு மாறிவிட்டன. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலைந்து விண்டோக்களைத் திறந்துவைத்தால் எதில் எழுத்து விழும் என்பது தட்டிப் பார்த்த பிறகே தெரிகிறது. ஸ்க்ரோல் பார் நூலாக இளைத்துவிட்டது. ரைட் கிளிக் மெனுவில் தேடுவது பாதி நேரம் இருப்பதில்லை. விண்டோஸ் 95-இன் சாம்பல் பெட்டிகளே மேல் என்றால், “உங்களுக்கு வயதாகிவிட்டது” என்கிறார்கள். இது வெறும் பழகிய மயக்கம்தானா? பழைய கிளாசிக் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர வழியுண்டா? இன்னொன்று: தமிழ் இடைமுகத்தைப் போட்டால் சில இடங்களில் எழுத்து நன்றாகவும் சில இடங்களில் நெரிந்தும் தெரிகிறதே, ஏன்?

ஆர்.,
தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

வயதை விடுங்கள். உங்கள் முதல் புகாரை எண்ணாகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

இரண்டு நிறங்கள் கண்ணுக்கு எவ்வளவு பிரிந்து தெரியும் என்பதற்கு இணைய அணுகல்தன்மை விதிகளில் ஒரு விகிதம் இருக்கிறது. ஒரே நிறமென்றால் 1. வெள்ளையின் மேல் கறுப்பு 21. சாதாரண எழுத்துக்கு 4.5-ஆவது வேண்டும், பட்டனின் ஓரம், ஐகான் போன்றவற்றுக்கு 3. விண்டோஸ் 95-இல் வேலை நடக்கும் விண்டோவின் தலைப்புப் பட்டை அடர்நீலம் (0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 128). மற்றவை நடுச் சாம்பல் (மூன்றும் 128). இரண்டுக்கும் இடையிலான விகிதம் 4.05. ஓரக்கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11-இன் வெளிர் தோற்றத்தில் தலைப்புப் பட்டை ஏறக்குறைய 243 அளவுச் சாம்பல், உள்ளே வெள்ளை. இவற்றின் விகிதம் 1.11. விழித்திருக்கும் விண்டோவுக்கும் தூங்கும் விண்டோவுக்கும் பட்டை நிறத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தலைப்பு எழுத்து கறுப்பிலிருந்து சாம்பலாகும், நிழல் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். வெள்ளை விண்டோவின் மேல் வெள்ளை விண்டோ விழுந்தால் எல்லையைச் சொல்ல ஒரு பிக்சல் கோடும் அந்த நிழலும்தான் மிச்சம். அலுவலகத்து மலிவு மானிட்டர்களில் வெளிச்சத்தை ஏற்றிவைத்திருந்தால் அந்த நிழலும் கரைந்துபோகும்.

இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் → பெர்சனலைசேஷன் → கலர்ஸ் போய், கடைசியில் இருக்கும் ‘ஷோ ஆக்சன்ட் கலர் ஆன் டைட்டில் பார்ஸ் அண்ட் விண்டோஸ் பார்டர்ஸ்’ என்ற சுவிட்சைப் போடுங்கள். ஆக்சன்ட் கலர் என்பது விண்டோஸுக்கு நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிறம். வழக்கமான நீலத்தையே (0, 120, 212) வைத்துக்கொண்டால் போதும். அந்த நீலத்துக்கும் 243 சாம்பலுக்கும் விகிதம் 4.08. அதாவது 1995-இல் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள்! தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்ளும் சில மென்பொருள்கள் இதை மதிக்காது. அவற்றிலும் பெரும்பாலும் ஓரக்கோடாவது நிறமேறும். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை என்று ஆக்சன்ட் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி பழைய கதைதான். அடர்ந்த நிறமாகப் பாருங்கள்.

இந்த மருந்தை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். விண்டோஸ் 10 வந்தபோதும் (ஜூலை 2015) இதே வெள்ளைப் பட்டைதான். முணுமுணுப்பு கிளம்பி, அந்த நவம்பர் அப்டேட்டில்தான் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்து, சாம்பல் பெட்டி. அதன் அழகை விடுங்கள், கட்டுமானத்தைப் பாருங்கள். 95-இன் பட்டனை ஆறேழு மடங்கு பெரிதாக்கினால் மேல் ஓரமும் இடது ஓரமும் வெள்ளைக் கோடு; கீழும் வலதும் கறுப்பு, அதற்கு உள்ளே சாம்பல். வெளிச்சம் இடது மேலிருந்து விழுவதாகக் கணக்கு. அழுத்தினால் கோடுகள் இடம் மாறும், எழுத்து ஒரு பிக்சல் வலமும் ஒரு பிக்சல் கீழும் நகரும். பொத்தான் உள்ளே போய் வெளியே வந்ததாகக் கண் நம்பிவிடும். சந்தேகமிருந்தால் பழைய ஸ்க்ரீன்ஷாட் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புடைத்திருந்த பட்டன்கள் எல்லாம் குழியாகிவிடும், எழுதுகிற குழிப் பெட்டிகள் புடைத்துக்கொள்ளும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்பது கண்ணுக்கு ஊறிப்போன பழக்கம்.

ஏன் சாம்பல்? விண்டோஸ் 95 640-க்கு 480 பிக்சல், 16 நிறம் மட்டுமே காட்டும் திரையிலும் ஓட வேண்டியிருந்தது. அந்தப் பதினாறில் வண்ணமில்லாதவை நான்கு: கறுப்பு, 128 சாம்பல், 192 சாம்பல், வெள்ளை. 192-ஐ உடம்பாக வைத்தால்தான் அதைவிட வெளிச்சமான ஒன்றும் இருண்டவை இரண்டும் ஓரம் கட்டக் கிடைக்கும். உடம்பு வெள்ளையாக இருந்தால் வெளிச்ச ஓரத்துக்கு எங்கே போவது? கையிலிருந்த நான்கு சில்லறையைச் செலவழித்த கெட்டிக்காரத்தனம் அது.

ஆனால் அதைக் கோயில் கட்டிக் கும்பிடவும் முடியாது. வேலை செய்யாத பட்டனின் எழுத்து 192-இன் மேல் 128, விகிதம் 2.17, படிப்பது கஷ்டம். ஸ்டார்ட் பட்டனைத் திரையின் மூலையில் வைத்துவிட்டு, மூலைக்கும் பட்டனுக்கும் நடுவே ஓரிரு பிக்சல் சந்து விட்டார்கள். மவுஸைக் கண்ணை மூடிக்கொண்டு மூலைக்குத் தள்ளிக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. திரையின் விளிம்பு சுட்டியைத் தடுத்து நிறுத்தும், அதனால் அங்கே இருப்பதைக் குறிபார்க்கத் தேவையில்லை என்கிற பெரிய வசதியை இரண்டு பிக்சலுக்காகக் கோட்டை விட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் சரியானது.

அந்தப் புடைப்பு அழிந்ததற்கும் நியாயமான காரணம் உண்டு. ஒரு பிக்சல் கோடுகளால் கட்டிய தோற்றம் திரையின் ஸ்கேல் (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 100 சதவீதமாக இருந்தால் மட்டுமே துல்லியம். இன்றைய லேப்டாப்பில் 125, 150 என்று ஏற்றினால் ஒரு பிக்சல் ஒன்றேகாலாகவும் ஒன்றரையாகவும் ஆகிறது. அப்படியொரு கோட்டைத் திரையால் வரைய முடியாது. ஒன்று மங்கும், அல்லது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். தட்டையான பட்டனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே புடைப்பைக் கைவிட்டதை ஏற்கலாம். கூடவே நிற வேறுபாட்டையும் கைவிட்டதற்குத்தான் ஒரு சமாதானமும் இல்லை.

ஸ்க்ரோல் பாரும் அப்படித்தான். அதை இழுப்பதற்கான பிடி என்று மட்டும் நினைத்தால், மவுஸ் சக்கரம் வந்தபின் அது வீண் என்றே தோன்றும். ஆனால் கோப்பு எவ்வளவு நீளம், அதில் எங்கே நிற்கிறோம் என்று சொல்வதும் அதுதான். விண்டோஸ் 3.1-இல் அந்தக் கட்டை எப்போதும் ஒரே சதுரம். 95-இல்தான் கோப்பின் நீளத்துக்கேற்பச் சுருங்கி நீளத் தொடங்கியது. 2011-இல் ஆப்பிளின் மேக் லயன் இயங்குதளம் அதைத் தொடாதபோது மறைத்துவைத்தது, பிறகு எல்லோரும் அந்த வழியிலேயே போனார்கள். பட்டியலில் இன்னும் இருபது வரி கீழே இருக்கிறது என்று தெரியாமலே விண்டோவை மூடிவிடுவது இதனால் வருகிற வினைதான்.

செட்டிங்ஸ் → அக்ஸசிபிலிட்டி → விஷுவல் எஃபெக்ட்ஸில் ‘ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ என்பதைப் போட்டால் புதுவகை மென்பொருள்களில் அது இளைக்காமல் நிற்கும். பழையவகை மென்பொருள்களில் அகலத்தையே கூட்டலாம். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர் → கண்ட்ரோல் பேனல் → டெஸ்க்டாப் → விண்டோ மெட்ரிக்ஸ் போனால் ஸ்க்ரோல் ஹைட், ஸ்க்ரோல் விட்த் என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் -255 என்றிருக்கும். 17 பிக்சலை 15-ஆல் பெருக்கிக் கழித்தல் குறி போட்டது அது. 24 பிக்சல் வேண்டுமென்றால் -360. குறியை மறக்க வேண்டாம். மாற்றும் முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் மாற்றம் தெரியும். பிரௌசர்கள் தங்கள் ஸ்க்ரோல் பாரைத் தாமே வரைவதால் அங்கே இது பலிக்காது.

ரைட் கிளிக் விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு நேரடியாக வரும். கட், காப்பி ஐகான்களுக்குப் பெயரே இல்லாமல் மூன்று வருடம் ஓட்டினார்கள். 24ஹெச்2 பதிப்பில்தான் கீழே எழுத்து வந்தது. அந்த ஐகான் வரிசை மெனு கீழ்நோக்கி விரிந்தால் தலையிலும், மேல்நோக்கி விரிந்தால் காலிலும் இருக்கும். சுட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று யோசித்துச் செய்ததுதான். ஆனால் கை மனப்பாடம் செய்வது இடத்தை. இடம் மாறினால் ஒவ்வொரு முறையும் கண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நடுவில் வைத்த டாஸ்க்பாரிலும் இதே கோளாறு. ஒவ்வொரு மென்பொருள் திறக்கும்போதும் ஸ்டார்ட் பட்டன் இடப்பக்கம் நகர்கிறது. டாஸ்க்பார் அமைப்பில் அலைன்மென்ட்டை ‘லெஃப்ட்’ ஆக்கிவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டை மட்டும் திட்டுவதும் நியாயமாகாது. ஆப்பிள் 2025 ஜூனில் காட்டிய ‘லிக்விட் கிளாஸ்’ என்ற கண்ணாடித் தோற்றம் இன்னும் வில்லங்கம். கண்ணாடியின் மேல் எழுதினால் பின்னால் என்ன வரும் என்பது வடிவமைப்பவருக்கே தெரியாது. நான் மேலே போட்ட விகிதக் கணக்கை அங்கே முன்கூட்டிப் போடவே முடியாது. விண்டோஸ் விஸ்டாவின் கண்ணாடிப் பட்டையில் இதை உணர்ந்து தலைப்பு எழுத்தின் பின்னால் மங்கலான வெள்ளை ஒளி பூசியிருந்தார்கள். அசிங்கமான ஒட்டு, ஆனால் படிக்க முடிந்தது. ஆப்பிளும் அதே ஆண்டு நவம்பரில் வந்த 26.1 பதிப்பில் ‘டின்டட்’ என்று புகைபோட்ட கண்ணாடியைக் கொடுத்துவிட்டது.

கிளாசிக் தோற்றம் திரும்ப வராது. விண்டோஸ் 7-தான் கடைசி. 8 முதல் எல்லா விண்டோக்களையும் ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் பகுதியை நிறுத்தவே முடியாதபடி செய்துவிட்டார்கள். கிளாசிக் அதை நிறுத்தி ஓடியது. சிஸ்டம் கோப்புகளைத் திருத்தி அந்த வேடம் போடும் கருவிகள் கிடைக்கின்றன. அடுத்த பெரிய அப்டேட்டில் உள்நுழையும் திரையோடு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. அலுவலகக் கணினியில் தொடவேண்டாம். அக்ஸசிபிலிட்டியில் உள்ள கான்ட்ராஸ்ட் தீம்களில் ஒன்றை ‘எடிட்’ செய்து பின்னணிக்கு 192 சாம்பலும், தேர்வுக்கு அடர்நீலமும் கொடுத்துப் பார்க்கலாம். புடைப்பு வராது, எல்லை தெளிவாகும். இணையப் பக்கங்களின் நிறமும் சேர்ந்து மாறிவிடுவது இதன் குறை.

தமிழுக்கு வருகிறேன். ஒரே கணினியில் செட்டிங்ஸில் தமிழ் நன்றாகவும் பழைய டயலாக் பெட்டிகளில் நெரிந்தும் தெரிவதற்குக் காரணம், இரண்டும் எழுத்தை வரையும் முறையே வேறு. பழைய கிளியர்டைப் முறை ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்திக் கிடைமட்டத்தில் மட்டும் மழமழப்பாக்குகிறது. செங்குத்துத் திசையில் ஒன்றும் செய்வதில்லை. ஆங்கிலத்தில் நேர்க்கோடுகள் அதிகம், சமாளித்துவிடும். நம் எழுத்துகளில் சுழியின் மேல்முதுகும் அடிவயிறும் படுத்த வளைவுகள். அவை படிக்கட்டாகத் தெரிகின்றன. புதிய டைரக்ட்ரைட் முறை இரண்டு திசையிலும் மழமழப்பாக்கும்.

அளவும் ஒரு காரணம். 9 பாயின்ட் எழுத்து 100 சதவீதத்தில் 12 பிக்சல். அதற்குள் மூன்று சுழி ண-வை வரைய முயன்றால் சுழிகளுக்கு நடுவே ஒரு பிக்சல் இடைவெளிகூட ஒழுங்காகக் கிடைக்காது. ரெண்டு சுழியா மூன்று சுழியா என்று சொல்லின் போக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மேலே கீ-யின் கொக்கி, கீழே ளு-வின் வால் என்று உயரமும் கேட்கிறது. பழைய டயலாக் பட்டன் 75-க்கு 23 பிக்சல் என்று ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது. ‘அப்ளை’ என்ற இடத்தில் ‘பயன்படுத்து’ வந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். சேமி, மூடு, நீக்கு என்றிருக்கும் இடங்களில் இந்தச் சிக்கலே கிடையாது. மொழிபெயர்ப்பவர்கள் ஏவல் வினையை விட்டு நீளமான சொல்லுக்குப் போகும்போதுதான் பட்டன் பிதுங்குகிறது.

நீங்கள் செய்யவேண்டியது: அக்ஸசிபிலிட்டி → டெக்ஸ்ட் சைஸை 115-க்கு மேல் ஏற்றாதீர்கள், எழுத்து மட்டும் பெரிதாகிப் பெட்டி அப்படியே நிற்கிற பழைய மென்பொருள்களில் வெட்டுப்படும். அதற்குப் பதில் டிஸ்ப்ளேயில் ஸ்கேலை 125 ஆக்குங்கள், பெட்டியும் சேர்ந்து வளரும். அப்போது பழைய மென்பொருள் ஏதாவது மங்கலாகத் தெரிந்தால் அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் → கம்பாட்டிபிலிட்டி → ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ போய், கீழே உள்ள ஓவர்ரைடு பெட்டியை டிக் செய்து ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து கூர்மையாகும், ஐகான் படங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். அதில் பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் ‘என்ஹான்ஸ்டு’ இல்லாத வெறும் ‘சிஸ்டம்’ போதும். பழைய கடிதங்கள் லதா எழுத்துருவில் இருந்து, இப்போது திறந்தால் வரி இடம் மாறுகிறது என்றால், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். லதாவும் விஜயாவும் அதில் வந்துவிடும்.