மகள் கொழும்பில் கேம் ஸ்டோல் போடுவதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன செவ்வாய்க்கிழமை புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டீர்கள்: "ஏ எல் எழுதின பிள்ளை, கேம் செய்யிறன் எண்டு ராராவா முழிச்சிருந்தா. இப்ப அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்டோல் போடப் போறாவாம். விடலாமா சேர்?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மகள் தந்த கேமை இரண்டு இரவு விளையாடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். விடுங்கள். ஆனால் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

முதலில் கேம். நீங்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள். நம் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் வைத்துச் செய்திருக்கிறாள். தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்ற கதை இருக்கிறதே, அதில் தொடங்குகிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. எந்த வரிசையில் தண்ணீர் அள்ள வேண்டும் என்பதை அங்கே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கிடைத்த பொருள்களைப் பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டும். அட்வென்ச்சர் கேம் என்பது இதுதான். சுடுவதும் ஓடுவதும் கிடையாது, வாசிக்கவும் யோசிக்கவும் வேண்டும்.

கண்காட்சியில் சிக்கலும் அங்கேதான் வரும். லங்கா காமிக் கான் என்ற காமிக்ஸ், கேம் கண்காட்சி மாதிரி ஓர் இடத்தில் பாட்டும் மைக்கும் கூட்டமுமாக இருக்கும். பக்கத்து ஸ்டோலில் சண்டைக் கேம் ஓடினால் பத்துப் பேர் சுற்றி நின்று கத்துவார்கள். அந்த நடுவில் யார் நின்று கதை வாசிப்பார்கள்? உங்கள் கடையையே பாருங்கள். வாசலில் நிற்கிற ஆளிடம் கல்யாணச் சேலைக் கட்டு முழுவதையும் அவிழ்த்துப் போடுவீர்களா? ஒன்றை எடுத்துக் கரையை மட்டும் விரித்துக் காட்டுவீர்கள். மகளும் அப்படித்தான் செய்ய வேண்டும். முழுக் கேமை மேசையில் வைக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரு துண்டைத் தனியாக வெட்டி வைக்க வேண்டும். ஒரு கிணறு, இரண்டு ஆள், ஒரு புதிர். பேச்செல்லாம் திரையில் எழுத்தாக ஓட வேண்டும். ஹெட்போன் போட்டாலும் அந்த இரைச்சலில் பாதி காதில் விழாது. ஒருவர் பாதியில் எழும்பிப் போனால், ஒரு நிமிடத்தில் கேம் தானாகவே தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் நடுக்கதையில் வந்து நின்று முழித்துவிட்டுப் போய்விடுவார்.

இன்டர்நெட்டை நம்பாமல் ஓட வேண்டும். லப்டொப் இரண்டு வேண்டும், ஒன்று இரவலாக இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் வந்த ஒரு பையன் முன்பு ஒன்றை மட்டும் கொண்டுபோனான். கூட்டம் கூடுகிற நேரம் பார்த்து விண்டோஸ் அப்டேட் ஓடத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் நீலத் திரைக்கு முன்னால் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மல்டி பிளக், நீள வயர், திரை துடைக்க ஒரு துணி, இவற்றை உங்கள் கடையிலிருந்தே கொடுத்து அனுப்பலாம்.

அப்புறம், மகளிடம் நான் கண்டிப்பாகச் சொன்ன ஒரு விஷயம்: விளையாடுகிறவருக்கு வழி சொல்லாதே. கை பரபரக்கும், "அந்தச் செம்பை எடுங்கோ" என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் அந்த ஆள் புதிரை முடிப்பார், மகளுக்கு ஒன்றும் தெரியவராது. பக்கத்தில் நின்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எங்கே நின்றார், எதைத் திரும்பத் திரும்ப அழுத்தினார், எந்த இடத்தில் சிரித்தார், எப்போது போனைப் பார்த்தார். அதே இடத்தில் ஐந்து பேர் மாட்டினால் பிழை அவர்களுடையது அல்ல, புதிருடையது.

இந்தக் கொப்பியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் வேலைதான். நம் நாட்டில் கேம் கம்பனிகள் சொற்பம், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மென்பொருள் கம்பனிகள் நிறைய. ஆப் செய்கிறவர்களுக்கும் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கும் திரை வடிவமைக்கிறவர்களுக்கும் அன்றாட வேலையே, முன்பின் தெரியாத ஒருவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்துவதுதான். நேர்முகத்தில் "நான் ஒரு கேம் செய்தேன்" என்று பலர் சொல்வார்கள். "மூன்றாவது கிணற்றில் இத்தனை பேர் நின்றார்கள், இப்படி மாற்றினேன், பிறகு தாண்டினார்கள்" என்று சொல்கிற பிள்ளை குறைவு.

எழுத்து விஷயத்தில் மகள் ஏற்கெனவே ஒரு நல்ல பாடம் படித்துவிட்டாள். முதலில் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தபோது தமிழ் உடைந்து வந்ததாம். 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதில் வழக்கமாகப் பாவிக்கிற எழுத்துக் கருவி தமிழ்க் குறிகளை இடம் மாற்றிச் சேர்க்காது. அதே மாதிரி இலவசமாகக் கிடைக்கிற கோடோ என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு சரியாகச் சேர்க்கும் என்று தேடிக் கண்டுபிடித்து, முழுவதையும் அங்கே மாற்றியிருக்கிறாள். இதை ரியூஷனில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, காசு. ஸ்டீம் என்ற கேம் விற்கிற தளத்தில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்ட வேண்டும். கேம் 1,000 டொலர் சம்பாதித்தால் அது திரும்பி வரும். விற்பனையில் 30 வீதம் அவர்கள் எடுப்பார்கள். இட்ச் என்ற தளத்தில் போடுவதற்குக் கட்டணமே இல்லை. என் கருத்து, முதலில் இட்ச். ஸ்டீம்தான் என்று மகள் நின்றால் கண்காட்சிக்குப் பல வாரம் முன்பே கட்டிப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் மேசையில் ஒட்டுகிற கியூஆர் குறியைப் பார்த்து ஆட்கள் அங்கேயே விருப்பப் பட்டியலில் சேர்ப்பார்கள். கேம் வெளிவரும்போது அவர்களுக்குத் தகவல் போகும். உங்கள் ஓர்டர் கொப்பி மாதிரித்தான். அன்று கல்லாவில் காசு விழவில்லையே என்று இரவு போன் எடுத்துக் கேட்டுவிடாதீர்கள்.

படிப்பு? ஏ எல் எழுதி முடித்து கம்பஸ் தொடங்கும் வரை நம் பிள்ளைகள் எத்தனை மாதம் சும்மா இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மகள் இப்போது நிற்பது அந்த இடைவெளியில்தான், எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கைகொடுத்தால் கோணேசபுரி வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம். கைகொடுக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். அது ஆங்கிலத்தில்தான், ஆகவே இந்த மாதங்களில் ஆங்கில வகுப்பு ஒன்று கட்டாயம். ஸ்டோலுக்குச் சம்மதிக்க நீங்கள் போடுகிற நிபந்தனையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக அனுப்பப் பயம் என்றால் நீங்களும் இரவு ரயிலில் கூடப் போங்கள். ஸ்டோலுக்குள் மட்டும் நிற்க வேண்டாம், வருகிற ஆட்களிடம் வாயைத் திறந்து விற்கத் தொடங்கிவிடுவீர்கள். மதியம் அவள் சாப்பிடப் போகிற அரை மணி நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டால் போதும். போவதற்கு முன் ஒரு தடவையாவது கேமை நீங்கள் விளையாடிப் பாருங்கள், மகள் பக்கத்தில் கொப்பியோடு இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். மூன்றாவது கிணற்றை நான் இன்னும் தாண்டவில்லை.