வாசலை மறைக்கும் வண்டிகள்

(சாலை, போக்குவரத்து தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற போக்குவரத்து உதவி ஆய்வாளர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசல் பக்கம் எங்கள் தெரு. காலை எட்டரைக்குள் இரண்டு பக்கமும் மாணவர்களின் பைக். போட்ட கோலத்தின் மேலேயே ஸ்டாண்டு போடுகிறார்கள். சைடு லாக் போட்டிருப்பதால் நகர்த்தவும் முடிவதில்லை. மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்களே 'நோ பார்க்கிங்' போர்டு மாட்டினோம், கல் போட்டோம். பயனில்லை. நிர்வாகமோ, "வெளியே நிற்கும் வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது. என்ன வழி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது என்று படித்ததும் மனது கேட்கவில்லை. மாமியார் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள். சாலையில் கல் போட்டால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். நீங்களாக மாட்டிய போர்டுக்கும் சட்டத்தில் மதிப்பு இல்லை. ஆனால் உங்கள் கேட்டை மறிக்கும் வண்டி மீது நடவடிக்கை எடுக்க போர்டே தேவையில்லை. ஒரு வீட்டின் வாசலை அடைத்து வண்டி நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017 சொல்கின்றன. முதல் தடவை 500 ரூபாய், மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரை அபராதம்.

போலீசில் புகார் கொடுக்க போட்டோ எடுக்கும்போது நம்பர் பிளேட்டும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் விழ வேண்டும். வெறும் பைக்கை எடுத்து அனுப்பினால் அது எங்கே நின்றது என்று ஸ்டேஷனில் யாருக்குத் தெரியும்? நல்ல புகார்கள் பல இப்படித்தான் வீணாகிப் போகின்றன.

கேட்டைத் தாண்டி, உங்கள் மதில் ஓரம் பொதுச் சாலை. தடை அறிவிக்காத வரை அங்கே யாரும் நிறுத்தலாம். அதனால் 'வெளியாள் வண்டி வேண்டாம்' என்று கேட்காதீர்கள், நடக்காது. 'ஒரு பக்கம் மட்டும் நிறுத்தம்' என்று கேளுங்கள். ஒரு டேப்பை எடுத்துத் தெருவை அளந்து பாருங்கள். இருபதடித் தெரு என்றால், இரண்டு பக்கமும் பைக்கைக் குறுக்கே நிறுத்தும்போது ஆறரை அடி ஆறரை அடி போக ஏழடிதான் மிச்சம். ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? ஒரு பக்கம் மட்டும் என்றால் பதிமூன்றரை அடி கிடைக்கும். இந்தக் கணக்கையும் 108 வந்த தேதியையும் எழுதி மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுங்கள். இரவில் சாலையில் கார் நிறுத்தும் உங்கள் தெருக்காரர்களையும் இந்த ஒரு பக்க நிறுத்தம் கட்டுப்படுத்தும். அதற்கு அவர்கள் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.

இனி பல்கலைக்கழகம். 'பொறுப்பில்லை' என்ற பதிலை நான் ஏற்கவே மாட்டேன். வருகிறவர்களின் வண்டிக்கு வளாகத்துக்குள் இடம் காட்டித்தான் கட்டட அனுமதி வாங்க வேண்டும்; தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இதைச் சொல்கின்றன. அதற்குப் பிறகு எழும்பிய கட்டடம் ஏதாவது அங்கே இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதன் வரைபடத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறம், அந்தப் பிள்ளைகளிடமே ஏன் வெளியே நிறுத்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோது பல இடங்களில் பார்த்தது இது: உள்ளே இடம் இருக்கும், ஆனால் ஸ்டாண்டு முன்வாசலில், வகுப்பு பின்வாசல் பக்கம். எட்டே முக்கால் மணிக்கு வகுப்பு உள்ள பையன் எங்கே நிறுத்துவான்? அங்கேயும் அப்படித்தான் என்றால், பின்வாசல் அருகே உள்ளேயே ஒரு ஸ்டாண்டு திறந்தாலே பாதிப் பைக் தெருவை விட்டுப் போய்விடும். பதிவாளருக்கு இதையே முதல் கோரிக்கையாக வையுங்கள்.

கேள்வி: காலையில் எங்கள் ஊரிலிருந்து நேரத்துக்குப் பஸ் கிடையாது, பைக்கில்தான் பல்கலைக்கழகம் வருகிறேன். தெருவில் நிறுத்தினால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். புகார் கொடுக்கலாமா?
– மாணவர், திருவையாறு

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. அடுத்தவர் வண்டியில் கை வைப்பது குற்றம். ஆனால் நீங்கள் யார் வீட்டுக் கேட்டையும் மறைக்காமல் நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் செல் நம்பரை ஒரு சீட்டில் எழுதி டேங்க் மேல் ஒட்டி வையுங்கள். அவசரத்துக்கு எடுக்கச் சொல்லிக் கூப்பிட ஒரு வழி இருக்கட்டும். மேலே உள்ள அம்மாவுக்குச் சொன்ன பின்வாசல் ஸ்டாண்டு உங்களுக்கும் தேவைதானே? நீங்கள் நிறுத்தும் தெருக்காரர்களோடு சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே நிறுத்தினால் எவ்வளவு கட்டணம், அங்கிருந்து வகுப்புக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.