செக் என்ஜின் லைட் எரியுது, புகைச் சோதனைக்குப் போகலாமா? மட்டக்களப்பு, அம்பாறை வாகனக்காரர்களின் கேள்வி பதில்

வருஷா வருஷம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியோட புகைச் சான்றிதழும் வேணும். டாஷ்போர்டில மஞ்சள் லைட் எரியிற வாகனத்துக்கு அந்தச் சான்றிதழை எப்படி எடுக்கிற எண்டு வந்த கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றன்.

ஏறாவூர்: அண்ணன், என்ட விட்ஸ்ல செக் என்ஜின் லைட் ரெண்டு கிழமையா எரியுது. லைசன்ஸ் முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கு. லைட் எரிஞ்சா டெஸ்ட்ல பெயில் ஆக்குவாங்களா?

பெயில் ஆகிறது புகையாலதான் தம்பி. இங்க சைலன்சர் குழாய்க்குள்ள கம்பி விட்டு வெளிய வாற புகையை அளக்கிறாங்க. பெற்றோல் காருக்கு ஐடிலில ஒருக்கா, 2500 ஆர்பிஎம்மில ஒருக்கா. பார்க்கிறது முக்கியமா ரெண்டு எண்: காபனோரொட்சைட்டு (அறிக்கையில சீ.ஓ. எண்டு, வீதத்தில இருக்கும்), எரியாம வாற ஐதரோக்காபன் (எச்.சி. எண்டு, பிபிஎம்மில, அதாவது பத்து லட்சத்தில எத்தனை பங்கு எண்டு இருக்கும்). உங்கட வாகனத்துக்குரிய உச்ச வரம்பும் பக்கத்திலயே அச்சாகி இருக்கும்.

அதுக்காக லைட்டைக் கண்டுக்காமப் போயிராதீங்க. லைட்டை எரிய வைக்கிற காரணங்களில பல புகையையும் கெடுக்கிறதுதான். புகையில ஒக்சிஜன் எவ்வளவு எண்டு பார்க்கிற ஒக்சிஜன் சென்சர் செத்தா, காற்று-பெற்றோல் கலவையில பெற்றோல் கூடிரும், சீ.ஓ. ஏறும். ஒரு சிலிண்டர் பத்தி எரியாட்டி எச்.சி. ஏறும். முதல் வேலை, ஸ்கேன் பண்ணிக் கோட் (என்ஜின் கம்பியூட்டர் பதிஞ்சு வச்சிருக்கிற பிழை இலக்கம்) என்னண்டு எழுதி எடுங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர் பூட்டுற ஓபிடி சொக்கெட் இருக்கும். புளூடூத் அடப்டர் ஒண்டும் போனில ஒரு அப்பும் இருந்தா நீங்களே பார்க்கலாம். பழைய ஜப்பான் உள்நாட்டு மொடல்கள் சிலதுக்கு மலிவு அடப்டர் பேசாது. அதுக்குக் கராஜ் ஸ்கேனர்தான் வேணும். கோட் கிடைச்சதும் இங்க போடுங்க, பார்ப்பம்.

ஒண்டு மட்டும் கவனம். லைட் நிண்டு எரிஞ்சா ஓடலாம். விட்டு விட்டு மின்னினா ஓடக் கூடாது. எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள்ள (சைலன்சர் வழியில புகையைச் சுத்தமாக்கிற பெட்டி) போய் அங்க பத்தி, உள்ள இருக்கிற தேன்கூட்டையே உருக்கிரும்.

காத்தான்குடி: மெக்கானிக் சொல்றாரு, டெஸ்ட்டுக்குப் போற வழியில கோடை அழிச்சிட்டுப் போங்க, லைட் வராது எண்டு. செய்யலாமா நானா?

வேணாம். லைட் அணையும், புகை மாறாது. இன்னும் மோசமாகவும் வாய்ப்பிருக்கு. கோடை அழிச்சா கம்பியூட்டர் இவ்வளவு நாளும் படிச்சு வச்சிருந்த எரிபொருள் திருத்தக் கணக்கும் சேர்ந்து அழியும். அது திரும்பப் படிச்சு முடியுமட்டும் கலவை தடுமாறும். அந்த நேரத்தில குழாய்க்குள்ள கம்பி விட்டா, மற்ற நாள் பாஸ் ஆகிற வாகனமும் பெயில் ஆகும். கோட் விழுந்த நேரத்தில வேகம் என்ன, சூடு என்ன எண்டு பதிஞ்சிருக்கிற விபரமும் போயிரும். பிழை தேடுறவருக்குப் பெரிய தடயமே அதுதான்.

பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினாலும் இதே கதைதான். முதல் பிழையைத் திருத்துங்க, பிறகு அழியுங்க, பிறகு ஒரு 50, 60 கிலோமீற்றர் ஓடுங்க. கல்லடிப் பாலத்தில வெளிக்கிட்டுக் களுவாஞ்சிக்குடி போய்த் திரும்பினா கிட்டத்தட்ட அந்தத் தூரம் வரும். லைட் திரும்ப வராட்டி சோதனைக்குப் போங்க.

கல்முனை: அல்டோ பெயில். எச்.சி. வரம்புக்குள்ள, சீ.ஓ. நல்லாக் கூட. கோட் பி0172. இன்ஜெக்டர் மாத்தச் சொல்றாங்க. சரியா?

பி0172 எண்டா கலவையில பெற்றோல் கூடிப் போச்சு எண்டு அர்த்தம். சீ.ஓ. ஏறினதும் அதனாலதான், ரெண்டும் ஒரே கதையைச் சொல்லுது. ஆனா இன்ஜெக்டர் கடைசியாப் பார்க்க வேண்டிய சாமான். செலவு குறைஞ்சதில இருந்து வாங்க.

எயர் பில்டரை வெளிய எடுத்து வெயிலுக்கு எதிராப் பிடியுங்க. வெளிச்சம் வராட்டி மாத்துங்க. வெட்டுக் காலத்தில வயல் ரோட்டால ஓடுற வாகனத்துக்கு ஆறு மாசத்திலயே அடைச்சிரும்.

அடுத்தது கூலன்ட் வெப்ப சென்சர். இரவு முழுக்க நிண்ட வாகனத்தைக் காலையில ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில வெப்பத்தைப் பாருங்க. வெளிக் காற்று எவ்வளவோ அதுதான் காட்டணும், நம்ம பக்கம் 26, 28 பாகை. அது 5 பாகை எண்டு காட்டினா, குளிர் தேசத்தில நிக்கிறம் எண்டு நினைச்சு கம்பியூட்டர் பெற்றோலை அள்ளி ஊத்துது. சென்சரைவிட அதுட சொக்கெட்டில உப்புப் பூத்திருக்கிறதுதான் கடற்கரைப் பக்கம் அதிகம். கொன்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பூட்டிப் பாருங்க.

பிறகு, டேங்க் ஆவியை என்ஜினுக்குள்ள விடுற பேர்ஜ் வால்வு. ஐடிலில ஓட விட்டு அந்த ஹோஸை நசுக்கிப் பிடிச்சு, ஸ்கேனரில நீண்டகால, குறுகியகால எரிபொருள் திருத்தத்தைப் பாருங்க (மைனஸ் எண்டா கம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்குது). மைனஸ் 15 வீதத்தில நிண்டது பூச்சியத்தை நோக்கி வந்தா வால்வு மூடுதில்ல.

இன்னொண்டை முக்கால்வாசிப் பேர் மறக்கிறாங்க: என்ஜின் ஒயில். கன நாளாப் பெற்றோல் கூடி ஓடின வாகனத்தில ஒயிலுக்குள்ளயும் பெற்றோல் இறங்கி இருக்கும். சூடானதும் அது ஆவியாகி, மூச்சுக் குழாயால திரும்ப என்ஜினுக்குள்ளதான் போகும். எல்லாம் திருத்தியும் சீ.ஓ. இறங்காததுக்கு இது ஒரு காரணம். டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்க. பெற்றோல் மணத்தா ஒயிலும் பில்டரும் மாத்திட்டுப் போங்க. இவ்வளவுக்கும் சரி வராட்டித்தான் இன்ஜெக்டரைக் கழற்றி ஒழுக்குப் பார்க்கணும்.

செங்கலடி: எனக்கு மறுவளம். சீ.ஓ. சரி, எச்.சி. பெயில். வேகன் ஆர். ஐடிலில நடுங்குது. பி0302.

ரெண்டாவது சிலிண்டர் ஒழுங்கா எரியுதில்ல. கொயில் (பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிற சாமான்) வாங்க முதல் ஒரு செலவில்லாத சோதனை செய்யுங்க. ரெண்டாவது கொயிலை மூண்டாவதுக்கும், மூண்டாவதை ரெண்டாவதுக்கும் மாத்திப் பூட்டி, கோடை அழிச்சு, பத்து நிமிஷம் ஓடுங்க. பி0303 வந்தா கொயில்தான் பிழை. அதே பி0302 வந்தா பிளக்கையும் அப்படியே இடம் மாத்துங்க. பிளக் கழற்றும்போது குழிக்குள்ள ஒயில் நிண்டா ரொக்கர் கவர் பெக்கிங் போயிட்டு. அதை மாத்தாமப் புதுக் கொயில் போட்டா அதுவும் கொஞ்ச நாளில போகும்.

பிளக் மாத்தினா மூண்டையும் மாத்துங்க. என்ஜின் ஆறின பிறகு கையால முழுசாத் திருகி, வொசர் இருக்கிற புதுப் பிளக் எண்டா அதுக்கு மேல அரைச் சுற்றில இருந்து மூண்டில ரெண்டு சுற்றுக்குள்ள இறுக்கினாக் காணும். இரிடியம் பிளக்கில இடைவெளியைத் தட்டிச் சரி செய்யப் போகாதீங்க, முனை உடைஞ்சிரும்.

கொயிலும் பிளக்கும் மாறியும் பி0302 அசையாட்டி கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) எடுங்க. மூண்டு சிலிண்டருக்கும் இடையில ஒரு பாருக்கு மேல வித்தியாசம் வந்தா வால்வோ ரிங்கோதான்.

களுவாஞ்சிக்குடி: பி0420. கன்வேட்டர் போச்சாம். ஒருத்தர் உள்ளுக்கு இருக்கிறதை உடைச்செடுத்துட்டு வெறும் கூட்டைப் பூட்டலாம், காசும் தாறன் எண்டு கேக்கிறாரு. அண்ணன் என்ன சொல்றீங்க?

குடுக்காதீங்க. அவர் காசு தாறது அதுக்குள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறதாலதான். புகையைச் சுத்தமாக்கிற வேலையைச் செய்யிறதும் அதே உலோகங்கள்தான். வெறும் கூட்டோட போனா கலவை கொஞ்சம் பிசகினாலும் சீ.ஓ.வும் எச்.சி.யும் அப்படியே குழாயால வரும், பிடிக்க ஒண்டும் இல்ல. பின்னால வாற ஓட்டோவில இருக்கிற பிள்ளை அதைத்தான் சுவாசிக்கும்.

முதல்ல கன்வேட்டர் உண்மையிலயே செத்ததா எண்டு உறுதிப்படுத்துங்க. பி0420 வந்தா உடனே கன்வேட்டர் எண்டு சொல்றது அவசரம். காலையில குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் ஈரத் துணியால சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் பொத்த, மற்றவர் என்ஜின் பக்கத்தில இருந்து காது குடுங்க. சீறுற சத்தம் கேட்டா ஜொயின்டிலயோ நெளி குழாயிலயோ ஓட்டை. நம்ம கரையோரத்தில உப்புக் காற்றால முதல்ல அரிச்சுப் போறது இந்த இடங்கள்தான். கன்வேட்டருக்குப் பின்னால இருக்கிற ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால ஓட்டை இருந்தா வெளிக் காற்று உள்ள போய் கன்வேட்டரைக் குற்றவாளி ஆக்கும். இதே ஓட்டை சோதனை மெசினையும் குழப்பும், புகையில காற்றுக் கலந்து அளவு ஒப்புக்கொள்ளாம நிக்கும்.

ஓட்டை இல்லாட்டி, நல்லாச் சூடான என்ஜினை 2500இல பிடிச்சு ஸ்கேனரில பின் ஒக்சிஜன் சென்சரைப் பாருங்க. 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியா நிண்டா கன்வேட்டர் உயிரோட இருக்கு. 0.1க்கும் 0.9க்கும் இடையில ஓயாம ஏறி இறங்கினா செத்துட்டு.

செத்திருந்தா, ஏன் செத்தது எண்டு கண்டுபிடிக்காமப் புதுசு போடாதீங்க. மிஸ்பயர் (சிலிண்டர் ஒழுங்கா எரியாத), ஒயில் எரியிற, ஹெட் கெஸ்கட் வழியாக் கூலன்ட் உள்ள போற, இந்த மூண்டில ஒண்டு இருந்தா புதுசும் அதே வழியிலதான் போகும்.

கொக்கட்டிச்சோலை: வயல் வாடியில நிறுத்தின கார். பி0135 வந்திருக்கு. சென்சர் மாத்தியும் போகுதில்ல.

எலி. பி0135 எண்டது முன் ஒக்சிஜன் சென்சரைச் சூடாக்கிற கம்பிச் சுற்றுக்கான கோட். சென்சர் புதுசு எண்டா பிழை வயரிலயோ பியூஸிலயோதான் இருக்கணும். முதல்ல பியூஸ். பிறகு சொக்கெட்டைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது டெஸ்ட் லாம்பால 12 வோல்ட் வருதா பாருங்க. வராட்டி வயரை வழிநெடுக்கத் தடவிப் பாருங்க. கடிபட்ட இடத்தை முறுக்கி டேப் சுத்தி விடாதீங்க, ஈயம் பிடிச்சு, சூட்டில சுருங்கிற குழாய் போடுங்க. மாரியில வெள்ளத்துக்குள்ளால போன வாகனம் எண்டா சொக்கெட்டுக்குள்ள பச்சை பிடிச்சிருக்கும், அதையும் பாருங்க.

அக்கரைப்பற்று: பிரியஸ். சோதனையில என்ஜின் தானா நிண்டு போகுது, அளக்க ஏலாதாம்.

அதுக்கெண்டே பராமரிப்பு நிலை ஒண்டு இருக்கு. பிரேக்கை மிதிக்காம பவர் பொத்தானை ரெண்டு தரம் அமத்துங்க. அதில இருந்து 60 செக்கனுக்குள்ள: பீ (பார்க்கிங்) இல அக்சிலேட்டரை முழுசா ரெண்டு தரம், பிரேக் மிதிச்சு என் (நியூட்ரல்) இல போட்டு ரெண்டு தரம், திரும்பப் பீ இல ரெண்டு தரம். திரையில அந்த நிலைக்கான அறிவிப்பு வரும். பிரேக்கை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, என்ஜின் நிக்காம ஓடும். சோதனை முடிஞ்சதும் பவரை நிப்பாட்டினா பழையபடி ஆகிரும். இந்த நிலையில ரோட்டில ஓடக் கூடாது.

வாழைச்சேனை: பி0455 மட்டும்தான். திருத்தாமப் போகலாமா?

போகலாம். அது டேங்க் ஆவி வெளிய கசியிற கோட், குழாய்ப் புகையை மாத்தாது. பெற்றோல் மூடியின்ட ரப்பர் வெடிச்சிருக்கா எண்டு மட்டும் பாருங்க.

சம்மாந்துறை: கேடிஎச் வான், டீசல். கறுப்புப் புகை, லைட்டும் எரியுது.

டீசலுக்குச் சோதனை வேற. நிண்ட இடத்திலயே அக்சிலேட்டரை ஒரே மிதியா மிதிச்சு என்ஜினை உச்ச ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், வாற புகையின்ட அடர்த்தியை அளப்பாங்க. கறுப்பு எண்டா காற்று காணாது, இல்லாட்டி டீசல் கூட. எயர் பில்டர், டேர்போவில இருந்து போற ரப்பர் ஹோஸ், ஈஜிஆர் வால்வு (புகையில ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள்ள விடுறது), இந்த ஒழுங்கில பாருங்க. ஹோஸ் வெடிப்பு நிண்ட வாகனத்தில தெரியாது, டேர்போ ஊதும்போதுதான் விரியும். ஒயில் ஈரம் இருக்கிற இடத்தைத் தேடுங்க. ஈஜிஆர் கரி பிடிச்சுத் திறந்தபடி நிண்டா கழற்றிக் கழுவலாம். இதெல்லாம் சரி எண்டாத்தான் இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்ச் சோதனைக்குக் குடுங்க.

போறதுக்கு முதல் டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது எண்டு பாருங்க, ஒயில் அளவையும் பாருங்க. பழைய பெல்ட்டோட உச்ச ஆர்பிஎம்முக்கு மிதிச்சா அறுந்து வால்வு வளையும்.

திருக்கோவில்: லண்டனில இருக்கிற தம்பிக்கும் இதே லைட். அங்கயும் புகைதானே பார்ப்பாங்க?

அங்க லைட் எரிஞ்சாலே பெயில், அக்கா. 2018 மே 20இல இருந்து எம்ஓடி (அங்கத்தைய வருடாந்த வாகனச் சோதனை) விதி அப்படி. 2003 ஜூலைக்குப் பிறகு பாவனைக்கு வந்த பெற்றோல் கார், 2008 ஜூலைக்குப் பிறகு வந்த டீசல் கார் ரெண்டுக்கும் பொருந்தும். தம்பி திருத்திட்டுத்தான் போகணும்.

ஏறாவூர்: அண்ணன், முதல் கேட்ட விட்ஸ். ஸ்கேன் பண்ணினன், பி0128. கராஜில தெர்மோஸ்டாட்டே இல்லயாம், முந்தி ஓடினவர் கழற்றி விட்டிருக்காரு. இந்த வெக்கைக்கு அது தேவையா?

கட்டாயம் தேவை. பி0128 எண்டா என்ஜின் போதிய சூட்டுக்கு வருதில்ல எண்டு அர்த்தம். தெர்மோஸ்டாட் எண்டது என்ஜின் சூடாகுமட்டும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமப் பிடிக்கிற வால்வு. வெக்கை ஊர் எண்டு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விடுற பழக்கம் நம்ம பக்கம் கனக்க. என்ஜின் 80 பாகைக்கு மேல வந்து நிக்கணும். அது இல்லாட்டி, ரோட்டில காற்றுப் பட ஓடும்போது சூடு கீழ இறங்கிரும். என்ஜின் இன்னும் குளிர் எண்டு கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குடுக்கும், சீ.ஓ. ஏறும், பெற்றோலும் வீண். சில என்ஜின்களில தெர்மோஸ்டாட் இல்லாட்டி கூலன்ட்டில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தி, நெரிசலில உண்மையிலயே கொதிக்கும்.

உங்கட என்ஜின் இலக்கத்துக்குரிய தெர்மோஸ்டாட்டும் ரப்பர் வளையமும் வாங்குங்க. அதில காற்றை வெளிய விடுற சின்ன ஆடுற வால்வு (ஜிகிள் வால்வு) இருந்தா அது நிக்க வேண்டிய பக்கம் பார்த்துப் பூட்டுங்க. வெறும் தண்ணி ஊத்தாம கூலன்ட் ஊத்தி, ஹீட்டரை முழுசாத் திறந்து, மூடியைக் கழற்றி வச்சு ஓட விட்டுக் காற்றை வெளிய எடுங்க. பிறகு கோடை அழிச்சு, முன்னம் சொன்ன 50, 60 கிலோமீற்றர் ஓட்டம்.

சோதனைக்குப் போற அண்டைக்கு வீட்டில இருந்து நேரா அங்க போய் நிக்காம, அரை மணித்தியாலம் ஓடிட்டுப் போங்க. கன்வேட்டர் 300 பாகை பக்கம் சூடாகினாத்தான் வேலை செய்யும். வரிசையில நிக்கும்போது என்ஜினை நிப்பாட்டாதீங்க. கன நேரம் ஐடிலில நிண்டிருந்தா, உங்கட முறை வரக்குள்ள ரெண்டு மூண்டு நிமிஷம் 2500இல பிடிச்சு விடுங்க. ஏசியை நிப்பாட்டிட்டுக் குடுங்க. பத்து நாள் தாராளமாக் காணும் தம்பி.