பாரிமுனையும் பாரி சவுண்டும்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்குக் கனடா போயிருந்தேன். ஒண்டாரியோவில் ஹூரான் ஏரியை ஒட்டி ‘பாரி சவுண்ட்’ என்று ஒரு ஊர். நம் பாரிமுனை தாமஸ் பாரி குடும்பம்தான் அங்கேயும் கடை போட்டிருக்கும் என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். சரிதானே?

வாசகி, குரோம்பேட்டை

அன்புள்ள அம்மா,

சரியில்லை. அந்த ஊருக்குப் பெயர் தந்தவர் வில்லியம் எட்வர்ட் பாரி, பிரிட்டிஷ் கடற்படைக்காரர். பாத் நகரத்து டாக்டர் ஒருவரின் மகன். 1819-ல் வட துருவப் பனிக்குள் கப்பலை விட்டு, மேற்கு தீர்க்கரேகை 110 பாகையைத் தாண்டி, 5,000 பவுண்டு பரிசைத் தட்டியவர். மெல்வில் தீவில் கப்பல் உறைந்து நிற்க, சூரியனே தலைகாட்டாத குளிர்காலத்தில் மாலுமிகள் சோர்ந்துபோகாமலிருக்க நாடகம் போட வைத்தார். எனக்குப் பிடித்த பாரி இவர்தான். நிலவில்கூட இவர் பெயரில் ஒரு பள்ளம் உண்டு.

நம்மவர் தாமஸ் பாரி, வேல்ஸ்காரர். 1788-ல் சென்னை வந்து வியாபாரத்தில் இறங்கினார். 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் போனார். பின்னாளில் பங்குதாரரான டேரின் பெயரைத்தான் பாரிமுனைக் கட்டடம், டேர் ஹவுஸ், தாங்கி நிற்கிறது. (முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் இந்த முனைக்கும் சம்பந்தமில்லை. அதையும் கேட்டு எழுதுகிறார்கள்!)

பெயர் ஒன்றானால் குடும்பமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேல்ஸில் முன்பு நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள்; ‘ஹாரியின் மகன்’ என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஆப் ஹாரி’. அது பாரியாகி, 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி மெல்ல மெல்லக் குடும்பப் பெயராக நிலைத்தது. ஹாரிகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். முருகன் மகன்கள் எல்லோரும் பங்காளிகளா என்ன? ‘ஜெருசலேம்’ என்ற ஆங்கிலப் பாட்டுக்கு 1916-ல் மெட்டமைத்த ஹியூபர்ட் பாரி இங்கிலாந்துக்காரர். சுரங்கத்திலும் இரும்பாலையிலும் சிறுவயதிலேயே வேலை பார்த்து, பிறகு இசைப் பேராசிரியரான ஜோசப் பாரி வேல்ஸ்காரர்.

அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் போனால் டேர் ஹவுஸில் இருக்கும் பழைய தூணைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு, செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக்கூடாதென்று, இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். கோட்டையிலிருந்து வந்தால், வெட்டவெளி முடிந்து ஊர் தொடங்கும் மூலையே அது. தாமஸ் பாரி இடம் பிடித்தது அங்கேதான்.