சந்தை ஏறுகிறது, தொழில் படுத்திருக்கிறது: மந்தத்தை எதில் பார்ப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பங்குச் சந்தை புதுப் புது உச்சம் தொடுகிறது. சுற்றிப் பார்த்தால் யார் கையிலும் காசு இல்லை. மந்தம் வந்துவிட்டதை அன்றாட வாழ்க்கையில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான். சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடான சென்செக்ஸில் இருப்பது 30 பெரிய கம்பெனிகள். உங்கள் தெருவில் இருப்பவர்கள் அதில் இல்லை.

நான் சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் கணக்குப் பார்க்கிறேன், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த 2019-ஐ வைத்தே சொல்கிறேன். பொருளாதாரம் தொடர்ந்து சுருங்கினால்தான் இலக்கணப்படி மந்தம்; அந்த வருடம் இந்தியா அதில் இல்லை. ஜூலை–செப்டம்பர் காலாண்டில் வளர்ச்சி 4.5 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அரசு அப்போது அறிவித்தது. ஆனால் வாகனத் தொழிலை நம்பி வாழும் அம்பத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களுக்கு அது முழு மந்தம்தான். அதே வருடம் சென்செக்ஸ் ஏறக்குறைய 14 சதவீதம் ஏறி, 41,000-க்கு மேலே போய் முடிந்தது.

பட்டறைப் பக்கம் முதலில் நிற்பது ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. ஆள் அப்படியே இருப்பார், சம்பளமும் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு மெஷின் ஆபரேட்டர் வீட்டில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஓ.டி. காசில்தான் ஓடும். அடுத்து ஞாயிற்றுக்கிழமை வேலை நிற்கும், அப்புறம் இரண்டாவது ஷிப்ட். பிறகு காண்ட்ராக்ட் ஆட்களை "கூப்பிடும்போது வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பீகார், ஒடிசா பையன்கள் ஊருக்கு டிக்கெட் போடுவார்கள். இரண்டு மாதம் கழித்து, பக்கத்து மண்ணூர்பேட்டைச் சந்துகளில் வாடகைக்கு வீடு என்ற பலகைகள் தொங்கும். இந்தக் கட்டம் வரைக்கும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒருவர்கூட வேலை இழந்தவராகப் பதிவாகியிருக்க மாட்டார்.

நான் தவறாமல் கவனிக்கும் இன்னொன்று, கடைசலில் விழும் இரும்புச் சுருள். நல்ல நாளில் பட்டறை வாசலில் பீப்பாய் பீப்பாயாக நிறைந்து கிடக்கும். பழைய இரும்புக்காரர் வாரம் ஒருமுறை வந்து எடை போட்டு அள்ளிக்கொண்டு போவார். அந்தக் காசில்தான் பல முதலாளிகள் டீக்கடைப் பாக்கியையும் சில்லறைச் செலவையும் தீர்ப்பார்கள். 2019 ஆடி மாதத்துக்கு மேல் அவர் மாதம் ஒருமுறைதான் வந்தார். "பீப்பாய் பாதிகூட இல்ல சார், வண்டி வாடகைக்கே கட்டாது" என்றார். ஜி.எஸ்.டி. கணக்கில் விற்பனை குறைந்தது எனக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இது ஏன் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூலையில் லாரிகளில் ஏற்றலாம் என்ற பாரத்தின் அளவை மத்திய அரசு உயர்த்தியது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்றானபோது புது லாரிக்குத் தேவை குறைந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. அதைப் பார்த்துப் பயந்த வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் நிதி நிறுவனங்களுக்குப் பணம் தரத் தயங்கின. லாரிக்கும் பைக்குக்கும் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிதி நிறுவனங்கள்தான். 2019 ஜூலையில் பயணிகள் வாகன விற்பனை, முந்தைய வருட ஜூலையைவிடச் சுமார் 31 சதவீதம் சரிந்தது. செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் வேலையில்லா நாள் அறிவித்தது. ஆலை 16 நாள் நின்றால், அதற்கு உதிரி பாகம் கொடுப்பவருக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறை எத்தனை நாள் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மூன்றாம் அடுக்கில்தான் என் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

கடைக்காரர்களும் இதைப் பார்த்தார்கள். பிஸ்கட் செய்யும் பார்லே கம்பெனியே அந்த ஆகஸ்டில், தேவை குறைந்துகொண்டே போனால் 10,000 பேர் வரை வேலையை விட்டு எடுக்க வேண்டிவரலாம் என்று சொன்னது. 5 ரூபாய் பிஸ்கட் வாங்கவே மக்கள் இரண்டு முறை யோசிக்கிறார்கள் என்றார் பிரிட்டானியா நிர்வாக இயக்குநர். கார் விற்காததைவிட எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது. காரைத் தள்ளிப்போடுவார்கள், சரி. பிஸ்கட்டைத் தள்ளிப்போடும் வீட்டில் அதற்கு முன்பே பல விஷயம் நின்றுபோயிருக்கும்.

வெளியே தெரியாத, ஆனால் ஆளைக் கொல்லும் அறிகுறி ஒன்று உண்டு: பாக்கி. சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. நல்ல காலத்திலேயே 60, 70 நாள் ஆகும். 2019-இல் 120 நாள் தாண்டியது. பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அப்போது அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டியிருந்தது. வராத பணத்துக்கு வரி. தாமதமானால் 18 சதவீத வட்டி. ஒரு பட்டறை அண்ணன், 20 வருடமாகத் தொழிலில் இருப்பவர், வரி கட்டவே மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு போனார். "கேஸ் போடலாமே அண்ணே, சட்டம் இருக்கே" என்று சொன்னேன். "போட்டா பணம் வரும் தம்பி, அடுத்த ஆர்டர் யார் தருவா?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

சரி, சந்தை ஏன் ஏறியது? 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியைப் பாருங்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில், கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைக்கப்படுகிறது என்று அறிவித்தார். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல் ஏறியது. ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்கவில்லை. ஆனால் கம்பெனிகளுக்குக் கையில் மிஞ்சும் லாபம் கூடிவிட்டது. சந்தை அதற்குத்தான் விலை போட்டது. அந்த வரிக் குறைப்பே மந்தத்துக்கான மருந்து. நோய் முற்றியதால் மருந்து வந்தது, மருந்தைப் பார்த்துச் சந்தை ஏறியது. ரிசர்வ் வங்கி அந்த வருடம் ஐந்து முறை வட்டியைக் குறைத்ததும் இதே கதைதான். வங்கி வைப்புத்தொகையில் (எஃப்.டி.) வட்டி குறைந்தால் பணம் சந்தைப் பக்கம் திரும்பும்.

என் பட்டறைக்காரர்களுக்கு இந்த வரிக் குறைப்பில் ஒரு ரூபாய்கூட இல்லை. அவர்கள் தனி உரிமையாளர்கள், இல்லாவிட்டால் கூட்டுத் தொழில் செய்பவர்கள். 22 சதவீதம் கம்பெனிகளுக்கு மட்டும். அதே நாளில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க் வரியை 18-இலிருந்து 12 சதவீதமாகக் குறைத்தது. பேப்பரில் கடைசி வரியாக வந்த அந்தச் செய்திதான் அம்பத்தூரில் நான்கு பேர் மூச்சு விட உதவியது. முன்கூட்டிக் கட்டும் வரி கொஞ்சம் குறைந்ததே.

சந்தை ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மந்தத்தில் பெரிய கம்பெனி, சப்ளையர் எண்ணிக்கையைக் குறைக்கும். 120 நாள் காத்திருக்கத் தெம்புள்ள பெரிய சப்ளையருக்கு மொத்த ஆர்டரும் போகும். சின்னவன் இழந்தது பெரியவன் கணக்கில் வளர்ச்சியாக ஏறும். அது பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால் பங்கு விலையும் ஏறும். பங்குச் சந்தைக்குள்ளேயே இந்தப் பிளவு தெரிந்தது. 2019-இல் சென்செக்ஸ் ஏற, நடுத்தர, சிறிய கம்பெனிகளுக்கான மிட்கேப், ஸ்மால்கேப் குறியீடுகள் இறங்கி முடிந்தன.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வருடம் சவரன் 30,000 ரூபாயைத் தொட்டது. விலை ஏறும்போது, ஏற்கெனவே அடகில் இருக்கும் அதே சங்கிலிக்கு இன்னும் கொஞ்சம் கடன் கிடைக்கும். பழைய கடனை முடித்ததாக எழுதி, கூடுதலாகப் புதுக் கடன் போட்டுக்கொள்வார்கள். அடகுக் கடையில் கூட்டம் இருக்கும், ஆனால் நகை மட்டும் வீட்டுக்குத் திரும்பாது. மூழ்கிய நகைகளுக்கான ஏல அறிவிப்பு, வெறும் கணக்கு எண்களாகப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருமே, அது தங்கத்தின் விலை இறங்கும்போதுதான் பெருகும். ஆகவே ஏலம் குறைவு என்பதால் குடும்பங்கள் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்டவர் சந்தையில் பணம் போடுபவராக இருந்தால் இதையும் கேளுங்கள். ஓ.டி. நின்றுபோன ஒரு சூப்பர்வைசர், மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்த மனமில்லாமல், நகையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "சந்தை ஏறுதே சார், இப்ப போய் விடலாமா?" என்றார். நகைக் கடனுக்கு வட்டி கட்டாயம், சந்தை தரும் லாபம் கட்டாயம் கிடையாது. எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தால் அபராதம் இல்லை. சேர்ந்த பணம் அங்கேயே இருக்கும், வேலை சீரானதும் மறுபடி தொடங்கலாம். எழுதிக் கொடுக்காமல், கணக்கில் பணம் இல்லாமல் விட்டால்தான் ஒவ்வொரு முறையும் வங்கி கட்டணம் பிடிக்கும். அவரை அன்று மாலையே நிறுத்தச் சொன்னேன். உங்கள் வீட்டில் ஓ.டி. நின்றிருந்தால் உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.