வேலூர் வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? – கேள்வி பதில்

வழித்தடம் வகுப்பது, ஷெட்யூல் போடுவது, வசூல் கணக்குப் பார்ப்பது என்று என் பணிக்காலம் முழுவதும் பேருந்துகளோடு கழிந்தது. ஓய்வுபெற்றபின் வேலூரில் வசிக்கிறேன். வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, குடியாத்தம் வட்டாரத்துப் போக்குவரத்து பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு நான் அறிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சத்துவாச்சாரி அன்பர்): வேலூர் 2008-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. நமக்கும் மெட்ரோ ரயில் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

பதில்: கேட்பதில் தவறில்லை. ஆனால் கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டே, கிடைக்கக்கூடியதைக் கேட்காமல் விட்டுவிடுவோமோ என்பதுதான் என் கவலை. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி, ஒரு நகரம் மெட்ரோ கேட்பதற்கு முன் முழுமையான போக்குவரத்துத் திட்டம் ஒன்றை வகுத்திருக்க வேண்டும்; பேருந்து உள்ளிட்ட மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்; தனியார் பங்கேற்புக்கும் இடம் தர வேண்டும். கோவை, மதுரைத் திட்ட அறிக்கைகளே மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்ற காரணத்தோடு 2025 நவம்பரில் திரும்பி வந்தன. வேலூரும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த நகர்த்தொகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி 5 லட்சம் பேர்கூட இல்லை.

செலவையும் பாருங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். அங்கே சுரங்கப்பாதை அதிகம் என்பதால், இங்கே பாதிச் செலவே ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் பத்து கிலோமீட்டருக்கு 2,600 கோடி ஆகிவிடும். அதில் சிறு பங்கு இருந்தாலே இந்த வட்டாரம் முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்தைப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

கேள்வி (வாலாஜாபேட்டை அன்பர்): சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் அதிவேக ரயில் என்று நிதிநிலை அறிக்கையில் சொன்னார்களே, அது வருமா?

பதில்: 2025-26 தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில் அந்த 140 கிலோமீட்டர் மித அதிவேகத் தடத்துக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. ஆய்வு என்பது அறிக்கைதான். அனுமதியும் அல்ல, பணமும் அல்ல. இதே வகையைச் சேர்ந்த டெல்லி–மீரட் தடம் 82 கிலோமீட்டருக்கு 30,274 கோடி என்று மதிப்பிடப்பட்டது. அந்த விகிதத்தில் நம் தடத்துக்கு 50,000 கோடியைத் தாண்டும். மத்திய அரசு, மாநில அரசு, வெளிநாட்டு வளர்ச்சி வங்கிகளின் கடன் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் ஒழிய இது நகராது. வந்தால் மனமார வரவேற்பேன். ஆனால் அதன் நிலையம் எங்கே அமையும், அங்கிருந்து ஊருக்குள் வர என்ன வழி என்பதை இப்போதே கேட்க வேண்டும். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கிவிட்டு, ஆட்டோவுக்குப் பேரம் பேசி இன்னொரு மணி நேரம் போக்குவதில் யாருக்கு என்ன பயன்?

அதுவரை, இருக்கும் தண்டவாளத்தையே நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை. சென்னை கடற்கரை–வேலூர் கண்டோன்மென்ட் மின்தொடர் ரயிலை 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அதற்குப் புதிய பாதை எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க 1,332 கோடிக்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்து நாம் அழுத்திக் கேட்க வேண்டியது அரக்கோணம்–ஜோலார்பேட்டைக்கு இடையில் கூடுதல் பாதை. பெங்களூரு, கோவை, கேரள வண்டிகள் எல்லாம் இப்போதுள்ள இரட்டைப் பாதையில்தான் ஓடுகின்றன. விரைவு வண்டிக்கு வழிவிட்டு உள்ளூர் வண்டி ஒதுங்கி நிற்கும் நிலை அதனால்தான்.

கேள்வி (தொரப்பாடி அம்மா ஒருவர்): எங்கள் நிறுத்தத்தில் நிழற்கூரை இல்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். உண்மையில் யாருடைய பொறுப்பு?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சி அமைப்புகளுக்குரிய பணிகளில் பேருந்து நிறுத்தத்தைச் சேர்த்திருக்கிறது, பேருந்தைச் சேர்க்கவில்லை. ஆகவே நிழற்கூரை மாநகராட்சியுடையது, அதில் வந்து நிற்கும் வண்டி போக்குவரத்துக் கழகத்துடையது, சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது, பெர்மிட் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கையில், ரயில் மத்திய அரசின் கையில், சிக்னல் காவல்துறையின் கையில்.

நான் பணியில் இருந்தபோது, வேறொரு ஊரில் நல்ல கருங்கல் இருக்கைகளோடு ஒரு நிழற்கூரை கட்டினார்கள். பேருந்து நிற்கும் இடமோ அதற்கு நாற்பதடி தள்ளி. வளைவு இருந்ததால் ஓட்டுநரால் அங்கே ஓரம்கட்ட முடியாது. மக்கள் வெயிலில் நின்றார்கள். இருக்கையில் ஒருவர் பூ வைத்து விற்றார். கட்டியவர்கள் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சென்னையில் இதைச் சரிசெய்யத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றினார்கள். அதுவும் முதல் கூட்டம் நடத்த 2022 ஆயிற்று. நமக்கு அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம். ஆனால் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த நிலத்தில், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்று ஆட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆற்காட்டிலிருந்து காட்பாடிக்கு வேலைக்குப் போகிறவருக்கு மாவட்ட எல்லை எங்கே வருகிறது என்றே தெரியாது. மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு திட்டக் குழு, அதற்கென்று ஒரு தனிக் கணக்கு, மாதம் ஒரு கூட்டம் இருந்தால் போதுமானது. பட்டுக்கோட்டை அழகிரி பெயரிலான போக்குவரத்துக் கழகம் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய காலம் உண்டு. இன்று தலைமையிடம் விழுப்புரம். தலைமையிடம் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் நேர அட்டவணை போடுகிறவர் காலை எட்டு மணிக்குக் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலைப் பார்க்கும் தொலைவில் இருக்க வேண்டும்.

கேள்வி (காட்பாடி கல்லூரி மாணவி): காட்பாடி–பாகாயம் தடத்தில் 1, 2 எண் பேருந்துகள் நிறையவே ஓடுகின்றன. ஆனாலும் சில நேரம் இருபது நிமிடம் ஒன்றும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். கூடுதல் பேருந்து வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பேருந்து போய்த் திரும்பி, முனையத்தில் சற்று நின்று, மறுபடி புறப்பட 100 நிமிடம் ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட வேண்டுமென்றால் பத்துப் பேருந்து வேண்டும். சித்தூர் பேருந்து நிலையம், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், மருத்துவமனை வாசல், கோட்டை முனை என்று ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் நெரிசலில் போனால் 100 நிமிடம் 120 ஆகிவிடும். அதே பத்து வண்டிகளால் இப்போது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றுதான் தர முடியும். பழைய நிலையைக் காக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு வண்டிகளும், இரண்டு ஷிப்டுக்கு எட்டு ஊழியர்களும் வேண்டும். ஆக, நெரிசல் தின்னும் அந்த இருபது நிமிடத்துக்கு நாம் ஆண்டுதோறும் எட்டுப் பேர் சம்பளம் கட்டுகிறோம். மாறாக அந்த இருபது நிமிடத்தை மீட்டுவிட்டால், இரண்டு பேருந்துகள் செலவில்லாமல் கிடைத்த மாதிரி. நகரப் போக்குவரத்தில் இதைவிட மலிவான முதலீட்டை நான் கண்டதில்லை.

மூன்று வண்டிகள் சேர்ந்து வருவதும் இதன் விளைவுதான். முன்னால் போகும் வண்டி தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது; கூட்டம் ஏற நேரமாவதால் அது மேலும் தாமதமாகிறது; பின்னால் வரும் வண்டிக்கு ஆளில்லை, அது வேகமாக வந்து முன்னதைத் தொட்டுவிடுகிறது. முனையத்தில் ஒரு நேரக் காப்பாளரை நிறுத்தி, பின்வண்டியை நான்கு நிமிடம் பிடித்து வைக்கச் செய்தாலே பெருமளவு சீராகும்.

சென்ற மாதம் விடியற்காலையில் காட்பாடி நிலைய வாசலில் நின்றிருந்தேன். ஜார்க்கண்டிலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த குடும்பம் ஒன்று. தந்தையின் காலில் கட்டு. நகரப் பேருந்து வந்தது, பலகையில் தமிழில் ‘பாகாயம்’. அது மருத்துவமனை வழியாகப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நடத்துநர் நல்ல மனிதர், ‘ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி’ என்று கூவி அழைத்தார். ஆனால் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரம். பெரியவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கடைசியில் ஆட்டோவில் போனார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்தோறும் நோயாளிகள் வந்து இறங்கும் ஊரில், இந்தி, வங்காளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒரு பலகையும் தாழ்தளப் பேருந்தும் ஆடம்பரம் அல்ல.

கேள்வி (லாங்கு பஜார் வணிகர்): பேருந்துக்கு வழிவிட வேண்டும் என்று வண்டி நிறுத்துவதைத் தடைசெய்தால் எங்கள் வியாபாரம் படுத்துவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டுத் திட்டம் போடுவது தவறு. ஆனால் ஒரு வாரம் உங்கள் கடை முன் நிற்கும் இருசக்கர வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை நிற்பவற்றில் எத்தனை வாடிக்கையாளர்களுடையவை, எத்தனை கடைக்காரர்களுடையவையும் ஊழியர்களுடையவையும் என்பது தெரிந்துவிடும். முதல் அரை மணி நேரம் இலவசம், அதன்பின் ஏறிக்கொண்டே போகும் கட்டணம் என்று வைத்தால் வாங்க வருபவருக்கு இடம் கிடைக்கும். அந்த வருவாயை அந்தத் தெருவின் நடைபாதைக்கும் நிறுத்தத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று மாமன்றத்தில் தீர்மானம் கேளுங்கள்.

கேள்வி (குடியாத்தம் அன்பர்): பெண்களுக்கு இலவசம் என்று ஆனபிறகு கழகம் நட்டத்தில் போவதால்தான் பேருந்துகள் குறைகின்றன என்கிறார்கள். சரியா?

பதில்: இலவசத்தின் மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அதற்குரிய தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. நட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 2018 ஜனவரிக்குப்பின் கட்டணம் பொதுவாக உயரவில்லை. டீசலும் சம்பளமும் ஓய்வூதியமும் உயர்ந்தன. பார்க்க வேண்டியது ஈட்டுத்தொகை உரிய காலத்தில் முழுமையாக வருகிறதா என்பதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலவசப் பயணத்துக்கும் நடத்துநர் சீட்டு கிழித்துத் தருகிறார். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் பயணிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இதுவரை நம்மிடம் இருந்ததில்லை. இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் வேலை நேரத்தோடு அந்தக் கணக்கை ஒப்பிட்டு அட்டவணையை மாற்றலாம். அந்தச் சீட்டுகளை வெறும் செலவாக மட்டும் பார்ப்பது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (அதே அன்பர்): அப்படியானால் மேம்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? புதிய வரியா?

பதில்: கட்டுவதற்கான பணம், ஓட்டுவதற்கான பணம் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது எப்படியும் கிடைத்துவிடுகிறது. சீர்மிகு நகரத் திட்டத்தில் 2016-இல் வேலூர் சேர்ந்தது. புதிய பேருந்து நிலையத்தை அந்த நிதியில்தான் கட்டி 2022-இல் திறந்தார்கள். பேருந்து வாங்க ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி மாநிலத்துக்குக் கடன் தருகிறது. ஆனால் அந்த நிலையத்திலிருந்து இரவு பத்து மணிக்கு ஒடுகத்தூருக்குப் போகும் வண்டியின் டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் எந்தத் திட்டத்திலும் செலவுத் தலைப்பு இல்லை. கல்வெட்டு வைக்க முடியாத செலவு அது.

பிரான்சில் 1971 முதல் நிறுவனங்கள் தம் சம்பளப் பட்டியலின் அளவுக்கு ஏற்ப நகரப் போக்குவரத்துக்குப் பங்களிக்கின்றன. இங்கே அதைச் சட்டமாக்க நாளாகும். ஆனால் பெரிய மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் இன்றே சொந்தப் பேருந்துகளுக்குச் செலவு செய்கின்றன. அதில் ஒரு பகுதியைத் தந்தால் அவர்கள் வாசல் வரை, அவர்கள் ஷிப்டு நேரத்துக்கு நகரப் பேருந்து வரும் என்று ஒப்பந்தம் போடலாம். வண்டி நிறுத்தக் கட்டணம் மாநகராட்சியின் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. இவ்விரண்டையும் முதலில் செய்துவிட்டு, பிறகு மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கை வட்டாரக் கணக்குக்கு ஒதுக்கும்படி அரசிடம் கேட்க வேண்டும். புதிய வரி கடைசியில்தான்.

கேள்வி (அணைக்கட்டு அன்பர்): எங்கள் சிற்றூருக்கு மினி பஸ் வருமா?

பதில்: 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் பெரும்பகுதி பேருந்தே போகாத சாலையாக இருக்க வேண்டும். ஊராட்சித் தீர்மானத்தோடு ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். எந்த நகரப் பேருந்தோடு எந்த நேரத்தில் இணைய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி (காட்பாடி மாணவி மீண்டும்): நாங்கள் நண்பர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: எண்ணுங்கள், அம்மா. மழை, திருவிழா, தேர்வு விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, காலை 7 முதல் 10 வரை ஐந்து நிறுத்தங்களில் இருவர் இருவராக நில்லுங்கள். ஒருவர் வண்டி எண்ணையும் வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் எழுதட்டும். மற்றவர் ஏறியவர், இறங்கியவர், படியில் தொங்கியவர் எண்ணிக்கையை எழுதட்டும். ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களையும் விடாதீர்கள். ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவர்களுக்குத் தனிப் பத்தி போடுங்கள். அவர்கள் எந்தச் சீட்டுக் கணக்கிலும் வருவதில்லை. அடுத்த வாரம் அதே நாளில் மறுபடியும் எண்ணி இரண்டு தாள்களையும் கொண்டுவாருங்கள்; உட்கார்ந்து ஷெட்யூல் போடுவோம், கிளை மேலாளரிடம் நானும் உடன் வருகிறேன்.