மாதவிடாய் நிற்கும் காலம்: எதற்கு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 48. தஞ்சாவூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மாதவிடாய் முறை தவறி வருகிறது. கடைசியாக ஐந்து மாதம் வராமல் இருந்து, சென்ற மாதம் வந்தபோது பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. கட்டி கட்டியாகவும் போனது. வகுப்பில் நிற்கும்போதே முகமும் கழுத்தும் கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் இரண்டு மூன்று முறை தூக்கம் கலைகிறது. "எல்லாருக்கும் வருவதுதான், தாங்கிக்கொள்" என்கிறார் மாமியார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம்?

பதில்: பன்னிரண்டு நாள் நீடித்த உதிரப்போக்குக்காக இந்த வாரமே நீங்கள் ஒரு மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடல் கொதிப்பும் தூக்கக் குறைவும் அவசரமானவை அல்ல. என்றாலும் அதே நாளில் அவற்றையும் சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; மாதவிடாய் நிற்பது ஒரு நோயன்று. ஆனால், 'தாங்க முடிகிறதா, இல்லையா' என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அது இந்த வயதில் தவறான திசையைத்தான் காட்டும். ஏனெனில், இக்காலத்தில் மிகவும் வாட்டி எடுக்கும் தொந்தரவுகள் பெரும்பாலும் ஆபத்தற்றவை. கவனிக்காமல் விடக்கூடாத அறிகுறியோ எந்த வலியும் இல்லாமல், உள்ளாடையில் ஒரு சிறு கறையாக மட்டும் வந்துபோகக்கூடும்.

நாற்பதுகளின் நடுவில் சினைப்பைகளில் எஞ்சியிருக்கும் சினைமுட்டைகள் குறைந்துகொண்டே வருவதால், சில மாதங்களில் முட்டை வெளியேறும், சில மாதங்களில் வெளியேறாது. முட்டை வெளியேறாத மாதத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனித்து நின்று கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். பிறகு அது ஒழுங்கில்லாமல், அளவுக்கு மீறி உதிரும். உங்களுக்கு ஐந்து மாத இடைவெளியும் அதன்பின் நீண்ட உதிரப்போக்கும் ஏற்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். மேலைநாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 46, 47 வயதையொட்டி நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே 48 வயதில் உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் மாற்றங்கள் வயதுக்கு உரியவையே. இதை உறுதிசெய்ய ஹார்மோன் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. 45 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த அளவுகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் அதில் பெரிய பயனும் இல்லை.

ஆனால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்பது ஓர் ஊகம் மட்டுமே. அதைப் பரிசோதித்து உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பு. மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் அளவு குறைவதும் இயல்பு. அதிகமாவதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், 21 நாளுக்குள் மீண்டும் வந்தாலும், இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ உடலுறவுக்குப் பின்னரோ இரத்தம் தெரிந்தாலும், பெரிய கட்டிகளாகப் போனாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்துகொண்டே இருந்தாலோ, உதிரப்போக்குடன் தலைசுற்றலும் மூச்சுவாங்கலும் சேர்ந்துகொண்டாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தசோகையை நம் வீடுகளில் 'வயசாகிவிட்டது, அதான் அசதி' என்று சொல்லியே கடந்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கிய பிறகும் சமையலையும் வேலையையும் விடாமல் செய்துகொண்டிருக்கும் பெண்கள் ஏராளம். அது 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தம் குறைந்தும் இப்படித் தாங்கிக்கொள்ள முடிவதே மருத்துவமனைக்குப் போவதைத் தாமதப்படுத்துகிறது.

உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்தால் வியப்படைய வேண்டாம். முறை தவறி வரும் காலத்திலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள் அதன்பின் 2 ஆண்டுகளும், 50-க்கு மேல் நின்றவர்கள் ஓராண்டும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும் என்பதே வழக்கமான அறிவுரை. கர்ப்பம் இல்லையென்று தெரிந்தபின், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து, ஸ்கேன் எடுப்பார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கு இப்படி உதிரப்போக்கு மிகுந்தால் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி செய்வதும் வழக்கம்; பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்காமலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். உடல் பருமன், சர்க்கரை நோய், நீண்டநாள் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை இதுவரை செய்துகொள்ளாதவராக இருந்தால், அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் செய்கிறார்கள்.

இனி வரும் ஆண்டுகளுக்காக ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதம் முழுமையாக நின்றபிறகு எந்த அளவில் இரத்தம் தெரிந்தாலும், ஒரே ஒரு நாள் பழுப்பு நிறத்தில் பட்டாலும்கூட, அதை 'மறுபடி தூரம் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவ்வாறு வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சவ்வு மெலிந்துபோனதோ, சிறு தசை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. இன்னொரு பக்கம், அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த உதிரப்போக்கு தென்பட்டிருக்கும் என்பதால், இந்த அறிகுறியை மதித்து உடனே வருபவர்களுக்கு நோயைத் தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்துக் குணப்படுத்தும் வாய்ப்பும் அதிகம். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உட்சவ்வின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி தேவை. அதற்குள் இருந்தாலும், இரத்தம் மீண்டும் மீண்டும் வந்தால், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற ஆறுதலோடு நின்றுவிடாமல் மறுபடி செல்ல வேண்டும்.

உடல் கொதிப்புக்கு வருவோம். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று திடீரென ஏறும் வெப்பம், ஓரிரு நிமிடங்கள் நீடிக்கும் வியர்வை, அதன்பின் இலேசான குளிர், இடையில் படபடப்பு: இதுதான் அதன் வழக்கமான போக்கு. இதே போன்ற தோற்றத்தோடு வேறு நோய்களும் வருவதுண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்வையும் படபடப்பும் இருக்கும். உடல் இளைக்கும், கை நடுங்கும். இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சலோ, எடை குறைவோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இருந்தால், காசநோய் இன்னும் பரவலாக உள்ள நம் நாட்டில் சளிப் பரிசோதனை செய்யாமல் அதை மாதவிடாயின் கணக்கில் எழுதிவிட முடியாது. படபடப்போடு நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு ஆகியவை வந்தால் 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இதய நோய் வாய்ப்பு உயர்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால், கொதிப்புக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு. மாமியாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பாடம் நடத்த முடியாமல் திணறுகிறீர்கள், இரவுத் தூக்கம் கெடுகிறது என்றால் அதுவே போதுமான காரணம். சில மாதங்களில் போய்விடும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், அடிக்கடி கொதிப்பு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருந்தது.

கொதிப்புக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அதில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பது செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு, தொந்தரவு கடுமையாக இருந்தால் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய பொதுவான மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், இரத்தக் குழாயில் கட்டி அடைப்பு, பக்கவாதம், மாரடைப்பு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவை இருந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போதும் அதைத் தொடங்கக்கூடாது. உங்கள் உதிரப்போக்கை முதலில் ஆராயச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படுபவை என்பதால், மருந்துக்கடையில் சொல்வதைக் கேட்டுப் பதற வேண்டாம். குறைந்த அளவில் அவை கொதிப்பைத் தணிக்கின்றன. உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்ல உணவுகள், சர்க்கரை நோய் இருந்தால் வெல்லத்தின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சிடாத 'ஹார்மோன் பொடி'களை வாங்காதீர்கள்.

கடிதங்களில் பலர் எழுதத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. பிறப்புறுப்பில் வறட்சி, உடலுறவில் வலி, அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு, இருமினால் சிறுநீர் கசிவது. கொதிப்பு என்றேனும் ஓயும். வறட்சியோ சிகிச்சையில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதே வழக்கம். வருடத்தில் மூன்று நான்கு முறை சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண், இந்த வறட்சிதான் காரணமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பிறப்புறுப்பில் தடவினாலே பலருக்கு அது சரியாகிறது; மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது.

எரிச்சலும் அழுகையும் இந்த வயதில் வந்துபோகும். ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல் இருந்தால், குறிப்பாக முன்பு மனச்சோர்வு வந்தவராக இருந்தால், அதற்குச் சிகிச்சை தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது; 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் உதவிமையத்தினர் தமிழிலும் பேசுவார்கள். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், உங்களைவிட இளைய தோழியருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: 45 வயதுக்குள், அதிலும் 40-க்குள், மாதவிடாய் நின்றுவிட்டால் வேறு தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜனை இழக்கின்றன என்பதால், இயல்பாக நிற்கும் வயதுவரை அதை மருந்தாகக் கொடுப்பது வழக்கம்.

மருத்துவரிடம் செல்லும்போது, கடந்த ஆறு மாதத்தில் இரத்தம் வந்த தேதிகள், ஒரு நாளைக்கு மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, இரவில் விழித்த தடவைகள், நீங்கள் எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். 'இந்த வயதில் அப்படித்தான்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பன்னிரண்டு நாள் உதிரப்போக்குக்கு ஸ்கேன் தேவையில்லையா என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயாப்ஸியில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லையென்றால், உங்கள் நிலையில் அது முதல் தீர்வு அன்று. உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், காப்பர்-டி போல உள்ளே பொருத்தப்பட்டு ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் சாதனமும் பலருக்கு அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடுகின்றன. அதோடு, கர்ப்பப்பையை எடுப்பதால் கொதிப்பு தீராது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாகக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்று, கொதிப்பு முன்னைவிடக் கடுமையாகும். யாரேனும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால், பயாப்ஸி முடிவு என்ன, மாத்திரையோ உட்பொருத்தும் சாதனமோ ஏன் போதாது, சினைப்பைகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் மட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.